ஒரு தன்னார்வப் போர் விமானியின் போர்க்காலப் பணியைத் தேடித் தொகுக்க முழுமையான வழிகாட்டி

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் ராயல் விமானப்படைத் தன்னார்வ ரிசர்வில் சேர்ந்து போர் விமானம் ஓட்டிய ஒருவரைப் பற்றித் தேடுபவர்களுக்கு இது. அவர் உங்கள் குடும்பத்தவராக இருக்கலாம். திருகோணமலை அல்லது நந்தம்பாக்கம் போர்க் கல்லறையில் பெயரைப் படித்துவிட்டு, அந்த இளைஞன் யார் என்ற கேள்வியோடு நீங்கள் வீடு திரும்பியிருக்கலாம். இரண்டுக்கும் வழி ஒன்றுதான்.

புதிதாகத் தேடுபவர்கள் பெரும்பாலும் சண்டையிலிருந்து தொடங்குகிறார்கள். எத்தனை விமானங்களை வீழ்த்தினார், எங்கே வீழ்ந்தார் என்று முதலில் தேடிவிட்டு, பிறகு ஆளைத் தேடுகிறார்கள். முதலில் ஆள், அடுத்து அவருடைய படைப்பிரிவுகளும் தேதிகளும், கடைசியாகத்தான் ஒரு குறிப்பிட்ட நாள். இந்த வரிசை மாறினால் வேறொருவரின் வாழ்க்கையை எழுதி முடித்துவிடுவீர்கள். அப்படி எழுதப்பட்ட குடும்ப வரலாறுகளைப் பார்த்திருக்கிறேன்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முழுப்பெயர், பிறந்த தேதி, பணி எண், இறந்த தேதி. இந்த நான்கில் மூன்றாவது இருந்தால் வேலை பாதி குறையும். பழைய கடித உறை, அடையாளத் தகடு, லாக் புக் எனப்படும் பறப்புப் பதிவேட்டின் முதல் பக்கம், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியல் ஆகியவற்றில் அந்த எண்ணைத் தேடுங்கள்.

வீட்டிலுள்ள காகிதங்களை வகைபிரிக்கும் முன் இருக்கிற நிலையிலேயே படம் எடுத்துவிடுங்கள். எந்த உறைக்குள் எந்தக் கடிதம் இருந்தது, எந்தப் படம் எந்தப் பக்கத்தில் செருகியிருந்தது என்பதும் சான்றுதான். ஒருமுறை கலைத்துவிட்டால் திரும்ப வராது.

படங்களின் பின்புறத்தையும் எடுங்கள். தணிக்கை முத்திரையும் பென்சிலில் எழுதிய பெயர்களும் அங்கேதான் இருக்கும். பிசின் நாடா ஒட்டுவதும் லேமினேட் செய்வதும் கூடவே கூடாது. இரண்டும் காகிதத்தைக் கெடுக்கும், பின்னால் சரிசெய்யவும் முடியாது.

2. அவர் எந்த வகைத் தன்னார்வலர் என்பதை முடிவு செய்யுங்கள்

தேடல் லண்டனிலா, டெல்லியிலா, கான்பெராவிலா என்பதை இந்தக் கேள்வி தீர்மானிக்கிறது. அதனால்தான் இதை இரண்டாவது படியாக வைக்கிறேன்.

தன்னார்வ ரிசர்வ் 1936-இல் தொடங்கியது. வார இறுதிகளில் உள்ளூர் விமானத்தளங்களில் பயிற்சி பெற்ற இளைஞர்கள் பெரும்பாலும் சார்ஜன்ட் பதவியோடு அதில் இருந்தார்கள். போர் மூண்ட பிறகு விமானப்படைக்கு வந்த புதியவர்களும் போர்க்காலம் முடியும் வரை என்ற நிபந்தனையோடு இதே ரிசர்வில்தான் பதிவு செய்யப்பட்டார்கள். ஆகவே ஒருவர் பெயருக்குப் பின்னால் இந்த ரிசர்வின் பெயர் இருப்பதால் மட்டும், அவர் போருக்கு முன்பே வார இறுதிகளில் பறந்தவர் என்று எழுதிவிடாதீர்கள்.

துணை விமானப்படை வேறு அமைப்பு. அதன் ஸ்குவாட்ரன்கள், அதாவது விமானப் படைப்பிரிவுகள், வட்டாரப் பெயர் தாங்கியவை. ஆனால் துணைப்படை ஸ்குவாட்ரனில் பறந்த எல்லோரும் துணைப்படையினர் அல்லர். எடுத்துக்காட்டாக, 501 ஸ்குவாட்ரன் குளோஸ்டர் மாவட்டப் பெயர் கொண்ட துணைப்படைப் பிரிவு. அதில் 1940-இல் பெயர் பெற்ற சார்ஜன்ட் ஜேம்ஸ் லேஸி தன்னார்வ ரிசர்வைச் சேர்ந்தவர். ஸ்குவாட்ரனின் அடையாளத்தை ஆளின் மேல் ஏற்றக் கூடாது.

மற்ற நாட்டவர் என்றால் பணிக் கோப்பு அவர்கள் நாட்டில் இருக்கும். ராயல் ஆஸ்திரேலிய விமானப்படை அதிகாரிகளின் கோப்புகள் ஆஸ்திரேலிய தேசிய ஆவணக்காப்பகத்தில் ஏ 9300 வரிசையிலும், மற்ற வீரர்களுடையவை ஏ 9301 வரிசையிலும் உள்ளன. போரில் இறந்த கனடியர்களின் கோப்புகள் ஒட்டாவாவில் உள்ளன. 71, 121, 133 ஆகிய ஈகிள் ஸ்குவாட்ரன்களில் பறந்த அமெரிக்கர்கள் 1942 செப்டம்பரில் அமெரிக்க ராணுவ விமானப்படைக்கு மாற்றப்பட்டார்கள். அதற்குப் பிந்தைய கோப்புகள் செயின்ட் லூயிஸ் நகரத்துக்குப் போயின. அங்கே 1973-இல் நடந்த தீவிபத்தில் ராணுவக் கோப்புகளில் பெரும்பகுதி அழிந்தது. மாறியவர்களைப் பற்றித் தேடுவோர் இந்த இழப்பை முதலிலேயே கணக்கில் கொள்ள வேண்டும்.

இந்தியர்களும் இருந்தார்கள். 1940-இல் இங்கிலாந்து வந்த 24 இந்திய விமானிகளில் ஒருவரான மொகிந்தர் சிங் புஜ்ஜி 43, 258 ஆகிய ஸ்குவாட்ரன்களில் ஹரிக்கேன் வகைப் போர் விமானம் ஓட்டினார். பிறகு பர்மாப் போர்முனையில் இந்திய விமானப்படையோடு பறந்து 1945-இல் சிறப்புப் பறப்புச் சிலுவை பெற்றார். இப்படிப்பட்டவர்களின் பாதிக் கதை லண்டன் காகிதங்களிலும் பாதிக் கதை இந்தியக் காகிதங்களிலும் இருக்கும். ஒரே இடத்தில் தேடி, கிடைக்கவில்லை என்று கைவிடாதீர்கள்.

3. பணி எண்ணையும் பதவி உயர்வையும் நிலைப்படுத்துங்கள்

சார்ஜன்டாகச் சேர்ந்து பின்னர் அதிகாரியானவருக்கு இரண்டு பணி எண்கள் உண்டு. போருக்கு முந்தைய தன்னார்வ விமானிகளுக்கு 74 என்று தொடங்கும் ஆறிலக்க எண்கள் கிடைத்தன. அதிகாரியானதும் முற்றிலும் வேறு எண். ஒரே பெயருக்கு இரண்டு எண்களைக் கண்டதும் இரண்டு ஆட்கள் என்று பிரித்துவிடுவதும், இரண்டு ஆட்களை ஒருவராகச் சேர்த்துவிடுவதும் நான் அதிகம் பார்க்கும் பிழைகள்.

இதைச் சரிபார்க்க உதவுவது பிரிட்டன் அரசிதழான லண்டன் கெசட். இணையத்தில் இலவசமாகத் தேடலாம். அதிகாரியாக நியமனம், பதவி உயர்வு, வீர விருது எல்லாம் அங்கே அச்சாகியிருக்கும். பெயரைப் போட்டுத் தேடிக் கிடைக்காவிட்டால் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். பழைய அச்சை இயந்திரம் படிக்கும்போது பெயரின் எழுத்துகள் சிதைந்திருக்கக்கூடும்.

கெசட் வெளியான தேதி வேறு, பதவி நடைமுறைக்கு வந்த தேதி வேறு. இடையில் வாரங்களோ மாதங்களோ இருக்கலாம். குறிப்பின் உள்ளே தரப்பட்டிருக்கும் நடைமுறைத் தேதியைத்தான் காலவரிசையில் எழுத வேண்டும். இதைக் கவனிக்காததால், ஒரு சண்டையில் பைலட் ஆபீசர் என்ற அதிகாரிப் பதவியில் இருந்தவரைச் சார்ஜன்ட் என்று எழுதிய கட்டுரைகள் நிறைய.

4. பணிக் கோப்புக்கு விண்ணப்பியுங்கள்

பதில் வரத் தாமதமாகலாம். ஆகவே எண் உறுதியான அன்றே விண்ணப்பித்துவிட்டு மற்றப் படிகளைத் தொடருங்கள். பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகம் தன்னிடமிருந்த லட்சக்கணக்கான பணிக் கோப்புகளை 2022 முதல் லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்துக்கு மாற்றி வருகிறது. நீங்கள் தேடும் கோப்பு இப்போது யாரிடம் இருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

பணியில் இருக்கும்போது இறந்தவரல்லாவிட்டால் இறப்புச் சான்று தேவைப்படும். இறந்து 25 ஆண்டுகள் ஆகவில்லை என்றால், நெருங்கிய உறவினரின் ஒப்புதல் இல்லாத வெளியாருக்குக் குறைந்த விவரங்களே தருவார்கள். உறவினர் இருந்தால் அவரையே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

கோப்பில் சாகசம் இருக்காது. பெரும்பாலும் தேதிகளும் சுருக்கெழுத்துகளும்தான்: தொடக்கப் பறப்புப் பள்ளி, உயர்நிலைப் பறப்புப் பள்ளி, போர்ப் பயிற்சிப் பிரிவு, பிறகு ஸ்குவாட்ரன். பார்த்துச் சலித்துவிட வேண்டாம். அந்தத் தேதிகள்தான் இனி வரும் படிகள் அனைத்துக்கும் முதுகெலும்பு. அவற்றை ஓர் அட்டவணையில் எழுதுங்கள்: பிரிவு, சேர்ந்த நாள், விலகிய நாள்.

மாற்றல் உத்தரவின் தேதிக்கும் ஆள் உண்மையில் போய்ச் சேர்ந்த நாளுக்கும் ஓரிரு நாள் இடைவெளி இருப்பது வழக்கம். நிரந்தர மாற்றலையும் தற்காலிகமாக அனுப்பப்பட்டதையும் பிரித்துக் குறியுங்கள். தற்காலிகமாகப் போனவரின் பெயர் தாய்ப் பிரிவின் ஏட்டில் அந்த நாட்களில் வராது. அதை வைத்து அவர் பறக்கவே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

5. லாக் புக்கைப் படியுங்கள்

படிவம் 414 எனப்படும் விமானியின் லாக் புக்தான் அவரே கைப்பட எழுதியது. தேதி, விமான வகையும் எண்ணும், விமானி, உடன் பறந்தவர், பணி, பகல் நேரம், இரவு நேரம் என்று கட்டங்கள் இருக்கும். மாத முடிவில் கூட்டல் போட்டுத் தளபதி கையொப்பமிடுவார். ஆண்டு முடிவில் சராசரி, சராசரிக்கு மேல் என்று மதிப்பீடும் உண்டு.

குறிப்புகளுக்கு முன்னால் பறந்த நேர எண்களைப் படியுங்கள். குறிப்புகள் நினைவிலிருந்து பின்னர் சேர்க்கப்பட்டிருக்கலாம். மை, எழுத்தின் சாய்வு ஆகியவற்றை உற்றுப் பார்த்தால் தெரிந்துவிடும். பறந்த நேரக் கணக்கைப் பின்னால் மாற்றுவது கடினம், ஏனென்றால் மாதக் கூட்டலோடு அது ஒத்துப்போக வேண்டும். நானும் ஒவ்வொரு மாதத்தையும் மறுபடி கூட்டிப் பார்த்துவிட்டே மேலே போவேன்.

பணிக் கட்டத்திலுள்ள சொற்கள் புதியவர்களைத் தடுமாற வைக்கும். ஸ்கிராம்பிள் என்றால் எதிரி வருவதாகத் தகவல் வந்ததும் அவசரமாக எழும்புவது. ரூபார்ப் என்றால் மோசமான வானிலையில் சில விமானங்கள் மட்டும் தாழப் பறந்து தரை இலக்குகளைத் தேடித் தாக்குவது. சர்க்கஸ் என்றால் சில குண்டுவீச்சு விமானங்களைப் பெரிய பாதுகாப்புக் கூட்டத்தோடு அனுப்பி, எதிரியின் போர் விமானங்களைச் சண்டைக்கு இழுப்பது. விமானச் சோதனை, அணிவகுப்புப் பயிற்சி, பீரங்கிச் சோதனை போன்றவை போர்ப் பறப்புகள் அல்ல. மொத்தப் போர்ப் பறப்புகளை எண்ணும்போது அவற்றைக் கழித்துவிடுங்கள்.

லாக் புக் இல்லாத குடும்பங்கள் பல. யாரும் கேட்டு வராத லாக் புக்குகளில் பெரும்பாலானவற்றைப் போருக்குப் பிறகு அரசு அழித்துவிட்டது. மாதிரிக்காகச் சில மட்டும் கியூ ஆவணக்காப்பகத்தில் ஏர் 4 (AIR 4) என்ற ஆவண வரிசையில் உள்ளன. இல்லை என்றால் மனம் தளர வேண்டாம். அடுத்த படி அந்த இடத்தைப் பெருமளவு நிரப்பும்.

6. ஸ்குவாட்ரன் செயல்பாட்டு ஏட்டுக்குப் போங்கள்

இது கியூவில் ஏர் 27 வரிசை. பெரும்பகுதியை இணையத்திலேயே பார்க்கலாம். இரண்டு படிவங்கள் இருக்கும். படிவம் 540 நாள்வாரியான சுருக்கம். படிவம் 541-இல் ஒவ்வொரு பறப்புக்கும் விமானியின் பெயர், விமான வரிசை எண், எழும்பிய நேரம், இறங்கிய நேரம் இருக்கும். பலர் 540-ஐ மட்டும் படித்துவிட்டு, தாங்கள் தேடும் பெயர் வரவில்லை என்று திரும்பிவிடுகிறார்கள். பெயர் 541-இல்தான் கிடைக்கும்.

நான்காம் படியில் போட்ட அட்டவணை இங்கேதான் பயன்படுகிறது. அவர் இருந்த மாதங்களை மட்டும் எடுங்கள். தேதி தெரியாமல் இந்த வரிசைக்குள் நுழைந்தவர்கள் நூற்றுக்கணக்கான பக்கங்களில் மூழ்கிப் போகிறார்கள். அதைவிட மோசமானது, ஒரே குடும்பப்பெயர் கொண்ட இன்னொரு விமானியைப் பிடித்துக்கொள்வது.

ஸ்குவாட்ரன் எண் தொடர்ந்து ஒரே ஆட்களைக் குறிக்காது. 258 ஸ்குவாட்ரன் இதற்கு நல்ல சான்று. புஜ்ஜி அதில் 1941-இல் இங்கிலாந்தில் பறந்தார். பின்னர் அது சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டு, 1942 தொடக்கத்தில் அங்கும் அடுத்திருந்த தீவுகளிலும் சிதைந்தது. அதே எண்ணில் இலங்கையில் மறுபடி ஒரு ஸ்குவாட்ரன் உருவானது. கொழும்பு குதிரைப் பந்தயத் திடலிலிருந்து 1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானிய விமானங்களை எதிர்கொண்டது அதுதான். எண்ணை மட்டும் பார்த்தால் 1941-இன் விமானியை அந்த ஏப்ரல் 5 தாக்குதலில் கொழும்புக்கு மேலே பறக்கவிட்டுவிடுவீர்கள்.

இந்த ஏட்டை விமானிகள் எழுதவில்லை. அலுவலக அதிகாரியோ உளவுத்தகவல் அதிகாரியோ பின்னர் உட்கார்ந்து தொகுத்தார். சண்டை மும்முரமான மாதங்களில் பெயர் எழுத்துப்பிழை, விமான எண் மாறிப்போவது, ஒரு பறப்பே விடுபடுவது எல்லாம் சகஜம். 1940-இல் பிரான்சிலிருந்து பின்வாங்கியபோது பல பிரிவுகளின் காகிதங்கள் தொலைந்தன. அந்த வாரங்களின் பக்கங்கள் நினைவிலிருந்து எழுதப்பட்டவையாக இருக்கலாம். லாக் புக்கும் ஏடும் முரண்பட்டால் ஒன்றை அழித்து மற்றதை எழுதாதீர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் குறியுங்கள்.

விமானத்தை அடையாளம் காண்பதற்கும் ஒரு முறை உண்டு. லாக் புக்கில் பலர் விமானத்தின் தனி எழுத்தை மட்டும் எழுதினார்கள். 541-இல் வரிசை எண் இருக்கும். 501 ஸ்குவாட்ரனின் குறி எழுத்துகள் எஸ், டி. அதோடு மூன்றாவதாகத் தனி எழுத்து சேரும். ஒரே பறப்பை இரண்டிலும் கண்டுபிடித்து எழுத்தையும் எண்ணையும் இணைத்து வையுங்கள். ஒரு விமானம் அழிந்தால் அதே எழுத்து இன்னொன்றுக்குப் போகும். எனவே இணைப்பின் பக்கத்தில் தேதியும் வேண்டும்.

7. சண்டை அறிக்கைகள்

ஏர் 50 வரிசை. தரையிறங்கிய பின் விமானி எழுதிக் கையொப்பமிட்ட அறிக்கை இது. தேதி, நேரம், இடம், உயரம், எதிரி விமானங்களின் வகையும் எண்ணிக்கையும், சுட்ட தூரம், எத்தனை நொடி சுட்டார் என்பது வரை இருக்கும். எல்லா அறிக்கைகளும் தப்பிப் பிழைக்கவில்லை. அறிக்கை இல்லை என்பதால் சண்டை நடக்கவில்லை என்று ஆகாது.

மிகுந்த நிதானம் தேவைப்படும் படி இதுதான். அறிக்கையில் உள்ளது உரிமைகோரல். வீழ்த்தியது, வீழ்த்தியிருக்கக்கூடியது, சேதப்படுத்தியது என்று மூன்று தரம் உண்டு. மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்லக் கூடாது. 1940 செப்டம்பர் 15 அன்று 185 எதிரி விமானங்கள் வீழ்ந்ததாகப் பிரிட்டன் அறிவித்தது. ஜெர்மானியர் உண்மையில் இழந்தவை ஏறத்தாழ 60. யாரும் பொய் சொல்லவில்லை. மணிக்கு நூற்றுக்கணக்கான மைல் வேகத்தில் ஒரே விமானத்தை மூவர் சுட்டால் மூவரும் தாமே வீழ்த்தியதாக நம்புவார்கள். எதிரித் தரப்பின் இழப்புப் பட்டியலோடு ஒப்பிட்ட பின்பே உறுதி என்ற சொல்லைப் பயன்படுத்துங்கள்.

ஒப்பிடும்போது கடிகாரத்தைக் கவனியுங்கள். 1940 கோடையில் பிரிட்டன் கிரீனிச்சைவிட ஒரு மணி நேரம் முன்னால் இருந்தது, ஜெர்மனி இரண்டு மணி நேரம். 1941 முதல் பிரிட்டன் கோடைகாலத்தில் இரட்டைக் கோடை நேரத்தைப் பின்பற்றியதால் அந்த மாதங்களில் இரண்டும் ஒன்றாயின. இந்த ஒரு மணி நேரத்தைத் தவறவிட்டதால் வேறு வேறு சண்டைகளை ஒன்றாக இணைத்துவிட்ட ஆய்வுகள் உண்டு.

லேஸியையே மறுபடி எடுத்துக்கொள்வோம். 1940 செப்டம்பர் 13 அன்று பக்கிங்காம் அரண்மனை மேல் குண்டு விழுந்தது. அன்று மோசமான மேகமூட்டத்தில் லேஸி ஹைங்கல் என்ற ஜெர்மானியக் குண்டுவீச்சு விமானம் ஒன்றைச் சுட்டார். தம் ஹரிக்கேனும் அடிபட்டுப் பாராசூட்டில் குதித்தார். அரண்மனையைத் தாக்கிய விமானத்தை அவரே வீழ்த்தினார் என்ற கதை உடனே பரவியது. ஒரு விமானியின் அறிக்கை தான் எதைச் சுட்டேன் என்று சொல்ல முடியும். அந்த விமானம் அதற்கு முன் எந்தக் கூரையின் மேல் குண்டு போட்டது என்று சொல்ல முடியாது. இரண்டையும் இணைக்க வேறு சான்று வேண்டும். உங்கள் விமானியைப் பற்றிய குடும்பக் கதைகளையும் இதே அளவுகோலால் அளந்து பாருங்கள்.

8. விபத்து, இறப்பு, சிறை

பயிற்சியிலும் மோசமான வானிலையிலும் இறந்தவர்கள் ஏராளம். அவர்களுக்குச் சண்டை அறிக்கை இருக்காது. படிவம் 1180 என்ற விபத்து அட்டை ஹென்டனிலுள்ள ராயல் விமானப்படை அருங்காட்சியகத்தில் உண்டு. விமான வகை, இடம், காரணம், விமானியின் பறப்பு அனுபவம் ஆகியவை சுருக்கமாக இருக்கும்.

இறந்தவர்கள், காணாமல் போனவர்கள் பற்றிய கோப்புகள் ஏர் 81 வரிசையில் படிப்படியாகத் திறக்கப்படுகின்றன. தந்திகள், பெற்றோர் எழுதிய கடிதங்கள், போருக்குப் பிறகு உடலைத் தேடிப் போனவர்களின் அறிக்கைகள் இவற்றில் கலந்திருக்கும். உறவினருக்குக் காட்டும் முன் நீங்கள் தனியாக ஒருமுறை படித்துவிடுங்கள். உடல் கிடைத்த நிலை பற்றிய வரிகளை முன்னறிவிப்பு இல்லாமல் யாரும் படிக்க நேரக் கூடாது.

கல்லறை இல்லாதவர்களை நினைவுச் சின்னங்களில் தேடுங்கள். பிரிட்டனிலும் வடமேற்கு ஐரோப்பாவிலும் இருந்து பறந்து காணாமல் போன 20,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் இங்கிலாந்தின் ரன்னிமீட் நினைவுச் சின்னத்தில் உள்ளன. இலங்கைக்கு மேலே வீழ்ந்து உடல் கிடைக்காதவர் பெயரை இலங்கையில் தேடினால் கிடைக்காது. தெற்காசியா, கிழக்காசியாப் பகுதிகளில் மறைந்த விமானிகளின் பெயர்கள் சிங்கப்பூரின் கிராஞ்சியில் பொறிக்கப்பட்டுள்ளன.

போர்க் கைதியாக இருந்தவர் என்றால், விடுதலையின்போது நிரப்பிய வினாத்தாள்கள் டபிள்யூ ஓ 344 வரிசையில் உள்ளன. எங்கே, எப்படிப் பிடிபட்டார் என்பதை அவர் சொற்களிலேயே படிக்கலாம்.

9. பதக்கங்கள்

பிரிட்டன் இரண்டாம் உலகப் போருக்கான பொதுப் பதக்கங்களைப் பெயர் பொறிக்காமலே வழங்கியது. அவற்றையும் பலர் கேட்டு வாங்கவே இல்லை. எனவே பெட்டியில் பதக்கம் இல்லை என்பதால் தகுதி இல்லை என்றோ, இருக்கிற பதக்கம் அவருடையதே என்றோ முடிவு செய்ய முடியாது. தகுதியைப் பணிக் கோப்பிலிருந்துதான் கணக்கிட வேண்டும்.

வீர விருதுகள் வேறு. சிறப்புப் பறப்புப் பதக்கம் சார்ஜன்ட் போன்ற பதவியினருக்கானது; அதன் விளிம்பில் எண்ணும் பெயரும் இருக்கும். அதிகாரிகளுக்கான சிலுவையில் பெயர் இருக்காது, பின்புறத்தில் ஆண்டு மட்டும் பொறித்திருக்கும். லேஸியின் பதக்கம் 1940 ஆகஸ்ட் 23 கெசட்டிலும், அதற்கான கூடுதல் பட்டை நவம்பர் 26 கெசட்டிலும் வந்தன. கெசட்டில் காரணம் இல்லாவிட்டால் ஏர் 2 வரிசையில் பரிந்துரையைத் தேடுங்கள்.

பிரிட்டன் வான்போர்ப் பட்டை 1940 ஜூலை 10 முதல் அக்டோபர் 31 வரை, தகுதி பெற்ற பிரிவு ஒன்றில் ஒரு முறையாவது போர்ப் பறப்பு செய்த விமானக் குழுவினருக்கு. அந்தக் காலத்தில் ஸ்குவாட்ரனில் பெயர் இருந்தால் போதாது. படிவம் 541-இல் அந்த ஒரு பறப்பைக் காட்ட வேண்டும்.

10. ஒரே காலவரிசையில் சேருங்கள்

ஓர் அட்டவணை போடுங்கள். ஒவ்வொரு வரியும் ஒரு நாள். கட்டங்கள்: தேதி, பிரிவு, விமான எண், லாக் புக் சொல்வது, ஏடு சொல்வது, அறிக்கை சொல்வது, கடிதம் சொல்வது, உங்கள் முடிவு. உங்கள் முடிவு தனிக் கட்டத்தில் இருப்பது கட்டாயம். பின்னால் புதிய காகிதம் கிடைக்கும்போது மாற்ற வேண்டியது அந்தக் கட்டத்தை மட்டும்தான்.

கடிதங்களை இந்தப் படிக்காக வைத்திருங்கள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. தணிக்கையால் இடம், பிரிவு, பணி எதையும் அவர் எழுதியிருக்க மாட்டார். தனியாகப் படித்தால் வானிலை, உணவு, விடுப்பு பற்றிய சாதாரணக் கடிதம். அட்டவணையில் வைத்துப் படித்தால், நண்பர் வீழ்ந்த நாளின் மாலையில் அம்மாவுக்குப் புது காலுறை கேட்டு எழுதியது தெரியவரும். அந்த வரியை விளக்கி அலங்கரிக்க வேண்டாம். தேதியோடு அப்படியே வையுங்கள்.

ஒவ்வொரு வரிக்கும் ஆவண வரிசை, பக்க எண், படக்கோப்பின் பெயர் மூன்றையும் எழுதுங்கள். படக்கோப்புக்கு ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் பெயர் வைத்தால் கணினியே அவற்றைக் காலவரிசையில் அடுக்கிவிடும். முடித்ததும் ஒரு பிரதியைக் குடும்பத்தில் இளையவர் ஒருவரிடம் கொடுங்கள். மூல லாக் புக் எங்கே இருக்கிறது, யார் பொறுப்பில் இருக்கிறது என்பதை அதன் முதல் வரியில் எழுதிவையுங்கள்.